குளிக்காமல் உள்ளே வந்த துப்பாக்கி

மலையடிவாரத்தில் ஒரு கைத்துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. பெரியது என்று சொல்ல முடியாது. ஒரு சுற்றுச்சுவர், உள்ளே சில நீளக் கொட்டகைகள், வாசலில் ஒரு புங்கமரம். அவ்வளவுதான். ஆனாலும் சுற்றுவட்டாரத்து வங்கிக் காவலர்களுக்கும் வனக் காவலர்களுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் அங்கிருந்துதான் போகும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விற்றுப்போன துப்பாக்கி கோளாறு என்று திரும்பி வந்தால், அதை அப்படியே உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். வாசலை ஒட்டி ஒரு மண்ணெண்ணெய்த் தொட்டி இருக்கும். அதில் முக்கி, தூரிகையால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, துடைத்துக் காயவைத்த பிறகுதான் அது படி தாண்டும்.

எங்கெங்கே போய் வந்ததோ, யாரைப் பார்த்து நீண்டதோ, யாருக்குத் தெரியும்? துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் தலை முழுகாமல் அடுப்படிக்குள் நுழைவாரா? தொழிற்சாலையை ஆரம்பித்தவர் அப்படிச் சொல்லிவைத்தார் என்று பேச்சு. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொட்டி மட்டும் வற்றவில்லை.

திரும்பி வருகிற துப்பாக்கிகளைக் குளிப்பாட்டுவதும், சோதிப்பதும், கோளாறு சொன்னவர்களுக்குப் பதில் எழுதுவதும் கோமளவல்லியின் வேலை. நாற்பதைத் தாண்டியவள். பொட்டலம் கட்டும் இடத்தில் இருந்தவள், ஒரு நாள் தானாகப் போய், "எனக்கும் சோதனை வேலை கத்துக்குடுங்க" என்று தாவூது வாத்தியார் முன்னால் நின்றாள்.

தாவூதுக்குச் சோதனைக் கூடத்தின் பொறுப்பு. அவரிடம் தொழில் படிப்பவர்களைச் சீடர்கள் என்றே தொழிற்சாலையில் சொல்வார்கள். அவர் கோமளவல்லியைவிட வயதில் இளையவர். அதனால் சீடரான அவள் குருவை வாத்தியாரே என்பாள், குரு சீடரை அக்கா என்பார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் பழகிப்போயிற்று.

வாத்தியார் அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு வேலை சொல்வார். அந்த வேலையைச் செய்து முடிக்கும்போது பதில் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

கோமளவல்லிக்கோ எல்லாவற்றிலும் கவலை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவாள். சோதனைக் கூடத்திலும் அப்படித்தான். மற்றவர்கள் ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு வைக்கும் துப்பாக்கியை, அவள் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்ப்பாள். அவள் கையால் ஒரு பொய்ச் சான்று போனதில்லை என்பது அவளுக்குப் பெருமை. அந்தப் பெருமையில் தப்பும் இல்லை.

ஒரு நாள் காலையில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். காக்கிச் சட்டை, முறுக்கிய நரை மீசை, கையில் ஒரு பெட்டி.

"இங்க கோமளவல்லிங்கிறது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"உங்களைப் பார்க்கணும்னுதான் விடியக்காலம் பஸ் ஏறினேன். என் பேரு சூசைமாணிக்கம். மேலக்கரிசல் கூட்டுறவு வங்கியில காவல்."

பெயரைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் துப்பாக்கி ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருக்கிறது. விசையை அழுத்தினால் சுடவில்லை என்பது புகார். இரண்டு முறையும் அவள்தான் சோதித்தாள். இரண்டு முறையும் ஒரு தோட்டாகூடத் தவறாமல் சுட்டது. இரண்டு முறையும் 'குறை இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

"மறுபடியும்தான். இது உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் நல்ல பிள்ளையா இருக்குது தாயி. என் மருமகனும் இப்படித்தான். விருந்துக்குப் போற வீட்டுல தங்கம்னு பேரு வாங்குவான். என் மகளைக் கேட்டாத் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். தோட்டா இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மறுபடி பார்த்தாள். பிறகு அதைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"உக்காருங்க. குளிப்பாட்டிட்டுச் சோதிச்சுப் பார்க்கிறேன்."

"பார்க்க வேண்டாம்."

"பின்னே?"

சூசைமாணிக்கம் மீசையைத் தடவினார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பொய் எழுதிக் குடுங்க."

"என்னது?"

"குறை இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு எழுதிக் குடுங்க. அது போதும். வருசா வருசம் எங்க செயலாளர் முன்னால நாங்க சுட்டுக் காட்டணும். போன தடவை நான் விசையை அழுத்தினேன். டொக்குன்னுச்சு. குண்டு வரலை. துப்பாக்கியை இங்க அனுப்புனாங்க. குறை இல்லைன்னு வந்துச்சு. மறுபடி கூப்பிட்டுச் சுடச் சொன்னாங்க. மறுபடி டொக்கு. மறுபடி அனுப்புனாங்க. மறுபடி குறை இல்லைன்னு எழுதிட்டீங்க."

"இல்லாததை இல்லைன்னுதானே எழுத முடியும்?"

"துப்பாக்கி நல்லாயிருக்குன்னு நீங்க எழுதினா, கெட்டுப்போனது நான்தான்னு ஆயிடுது தாயி." அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "சூசைக்குக் கை நடுங்குது, விசையை முழுசா அழுத்தப் பயப்படுறான்னு செயலாளர் சொல்றார். டீக்கடையில எனக்கு டொக்குன்னே பேரு வச்சுட்டானுக. வர்ற திங்கட்கிழமை கடைசித் தடவை. அன்னைக்கும் டொக்குன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. பட்டாளத்துல இருந்து வந்தவன் நான். இதுவரைக்கும் ஒருத்தனைச் சுட்டதில்லை, சுடவும் வேண்டாம். ஆனா சுடத் தெரியாதவன்னு பேரு வாங்கிக்கிட்டு வீட்டுல போய் உக்கார முடியாது."

"அதுக்காக நான் பொய் எழுத முடியாதுங்க."

"அப்ப உங்க வேலைதான் என்ன? வந்த சாமானைக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சு அனுப்புறதா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதை! எனக்குப் போன மரியாதையை எங்க தாயி குளிப்பாட்டுறது?"

அவ்வளவுதான். கோமளவல்லிக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அப்படி ஒரு கோபம். "துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாத ஆளெல்லாம் எங்க தலையில பழியைப் போடுறீங்களா?" என்று கத்தினாள். கொட்டகைகளில் இருந்த தலைகளெல்லாம் எட்டிப் பார்த்தன. சூசைமாணிக்கம் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்து கொண்டார். முகம் சிறுத்துவிட்டது.

அவள் விறுவிறுவென்று சோதனைக் கூடத்துக்குப் போனாள். வாத்தியார் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கி, ஏதோ ஒரு குழலின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அக்கா."

"குறையே இல்லாத பொருளுக்குக் குறை சொல்லிக்கிட்டு வர்ற ஆளுக்கு என்ன பதில் சொல்றது?"

வாத்தியார் கண்ணாடியை எடுத்தார். அவளை ஒரு தரம் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மூச்சு இரைத்தது.

"முதல்ல முகத்தைக் கழுவிட்டு வாங்க."

"முகத்துக்கு என்ன இப்ப? நான் கேட்டது..."

"கழுவிட்டு வாங்க."

போனாள். குழாயடியில் குனிந்து தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள். தண்ணீர் நல்ல குளிர்ச்சி. முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாத்தியாரே..."

"தலை கலைஞ்சிருக்கே."

வாரி முடிந்துகொண்டு வந்தாள்.

"இப்படி உக்காருங்க. டீ வருது."

உட்கார்ந்தாள். டீ வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட டீ. வாத்தியாரும் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மெல்லக் குடித்தார்கள். மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. வாத்தியார் தன் வீட்டு ஆடு குட்டி போட்டதைப் பற்றிச் சொன்னார். ஒரு குட்டிக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதாம், அது மட்டும் தாயிடம் போகாமல் இவர் காலையே சுற்றுகிறதாம். கோமளவல்லி சிரித்தேவிட்டாள்.

தம்ளரைக் கீழே வைத்தபோது வாத்தியார் கேட்டார்.

"இப்பச் சொல்லுங்க. என்ன விஷயம்?"

அவள் யோசித்தாள். சொல்ல நினைத்தது எதுவும் நாக்கில் வரவில்லை.

"ஒண்ணுமில்லை வாத்தியாரே. அந்த ஆளும் பாவம்தான்."

"உங்களுக்கு ஏதும் கோபம் இருக்கா?"

"இல்லை."

"வருத்தம்?"

"அப்படி ஒண்ணும் இல்லை."

"அப்ப கொஞ்சம் முன்னாடி வாசல்ல கத்தினது யாரு?"

"நான்தான்."

வாத்தியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். கூந்தலை, முகத்தை, கையை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார்.

"நம்ப முடியலையே அக்கா. நான் பார்க்கிறப்ப நல்லாத்தானே இருக்கீங்க."

"அது இப்ப. அப்ப நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே பார்த்தீங்க. என்னைக் கழுவிட்டு வா, வாரிட்டு வான்னு அனுப்பி, டீயையும் குடுத்து..."

"சோதிச்சுப் பார்த்ததுல குறை ஒண்ணும் தெரியலை" என்றார் வாத்தியார். பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

கோமளவல்லி எழுந்தாள்.

பிறகு ஓடினாள். நாற்பதைத் தாண்டிய பெண் ஓடுவதைத் தொழிற்சாலை அதுவரை பார்த்ததில்லை. கோபத்தில் விளிம்பில் வைத்துவிட்டு வந்த துப்பாக்கி, தொட்டியைப் பார்த்துச் சாய்ந்து அப்படியே இருந்தது. தொட்டால் உள்ளே விழுந்துவிடும் போல இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் எடுத்தாள்.

தோலுறையின் வாடை, வியர்வை வாடை, பஞ்சு வாடை. அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தூசி படிந்திருந்தது. துடைக்கக் கை துறுதுறுத்தது. துடைக்கவில்லை.

"சூசையண்ணே, வாங்க."

"எங்க தாயி?"

"சுட்டுப் பார்க்க."

"குளிப்பாட்டலையா?"

"இல்லை."

அவர் நம்பாமல் எழுந்து வந்தார். கோமளவல்லி சோதனைக் கூடத்துப் படியருகே வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் குளிக்காத துப்பாக்கி அந்தப் படியைத் தாண்டியதில்லை. ஏதாவது ஆகிவிடுமோ? ஆரம்பித்தவர் படம் சுவரில் தொங்கியது. அவர் பார்ப்பது போலவே இருந்தது. காலை எடுத்து வைக்க முடியவில்லை.

வாத்தியார் வந்தார். கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அவள் படியைத் தாண்டினாள்.

கூடத்தின் கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சூசைமாணிக்கத்தைப் பின்னால் நிற்கச் சொன்னாள். தோட்டாவைப் போட்டாள். மணலைப் பார்த்து நீட்டினாள். விசையை அழுத்தினாள்.

டொக்.

குண்டு வரவில்லை. அவள் துப்பாக்கியை மணலை விட்டு அசைக்கவில்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும், கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தாள்.

பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.

"கேட்டீங்களா?" என்றார் சூசைமாணிக்கம். கண்ணில் நீர் வழிந்தது, வாயெல்லாம் சிரிப்பு. "மாதாவே! கேட்டீங்களா வாத்தியாரே? உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"நான் அழுத்தலை! இந்தத் தாயிதான் அழுத்துச்சு! இதுக்குக் கை நடுங்கலை, நான் பார்த்தேன்!"

சுடாத துப்பாக்கியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

கோமளவல்லி தோட்டாவை வெளியே எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் ஊசி அடித்த பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். இதில் நகத்தால் கீறியது போல ஒரு சின்னத் தடம்தான் இருந்தது.

"இன்னொரு தடவை தாயி."

வேறு தோட்டா போட்டு அழுத்தினாள். டொக்.

"இன்னும் ஒரே ஒரு தடவை!"

"போதும்யா" என்றார் வாத்தியார். "பாட்டுக் கச்சேரியா நடக்குது?"

மேசை விளக்கடியில் வைத்துத் துப்பாக்கியைப் பிரித்தார்கள். தோட்டாவை அடிக்கும் ஊசி, ஒரு சின்னத் துளைக்குள் முன்னும் பின்னும் போய் வரும். அந்தத் துளைக்குள்ளிருந்து ஊசியை உருவியபோது கூடவே ஏதோ வந்தது. பழுப்பாக, பிசுபிசுவென்று, விளக்கில் கிடந்து ஊறிய திரி மாதிரி.

"பஞ்சு" என்றாள் கோமளவல்லி.

"எங்க ஊருப் பஞ்சுதான்" என்றார் சூசைமாணிக்கம். "வங்கிக்குப் பக்கத்துலேயே பஞ்சு அரவை ஆலை. காத்தெல்லாம் பஞ்சு. டீயில மிதக்கும், மீசையில ஒட்டும். ஆனா மத்த காவல்காரங்க துப்பாக்கியும் அதே காத்துலதானே இருக்கு? அது வேற ஊர்ல செஞ்ச துப்பாக்கி. அதுகளுக்கு ஒண்ணும் ஆகலையே!"

வாத்தியார் அந்தத் திரியை விரல் நுனியில் உருட்டினார். விரல் மினுமினுத்தது.

"பஞ்சு உங்க ஊரு. எண்ணெய் யாருது?"

"எண்ணெயா? நான் எண்ணெயே வச்சதில்லை வாத்தியாரே. சத்தியமா! காய்ஞ்ச துணியால மேல துடைங்க, உள்ள எதையும் ஊத்தாதீங்கன்னு உங்க ஆளுங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. பட்டாளத்தான் நான், சொன்னபடிதான் செய்வேன்."

கோமளவல்லி அந்தத் திரியையே பார்த்தாள்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. இப்போது கட்டிக்கொடுத்தாயிற்று. பள்ளிக்கூடம் போன காலத்தில், தலையெல்லாம் வாரி, பின்னி, ரிப்பன் கட்டி முடித்த பிறகு, கோமளவல்லி உச்சந்தலையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்து விரலால் தட்டுவாள். போதும்மா, வழியுது என்று மகள் கத்துவாள். அந்தச் சொட்டு இல்லாமல் வெளியே அனுப்பினால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு சரியாக இருக்காது.

தொழிற்சாலையிலும் அப்படித்தான் ஆயிற்று. எல்லாச் சோதனையும் முடிந்து துப்பாக்கி பெட்டிக்குள் போகும் முன், அந்த ஊசித் துளையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைப்பாள். யாரும் வைக்கச் சொன்னதில்லை. எந்த விதியிலும் இல்லை. வெளியூர் போகிற பொருள், நல்லபடியாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டு. புதுத் துப்பாக்கிக்கும் வைப்பாள். கோளாறு என்று வந்து குளித்துப் போகிற துப்பாக்கிக்கும் வைப்பாள்.

இந்தத் துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் வைத்தாள். பாவம், திட்டு வாங்கி வந்த துப்பாக்கி என்று சென்ற முறை இன்னொரு சொட்டும் வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.

"என்ன தாயி?"

"எண்ணெய் நான் வச்சது."

சூசைமாணிக்கத்துக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னாள். மகளின் தலையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அட போங்க தாயி. எங்கம்மாவும் இப்படித்தான் வழிய வழிய வைக்கும்" என்றார். பிறகு சட்டென்று அவர் முகம் மாறியது. "ஆனா இதை யார் நம்புவாங்க? செயலாளர்கிட்ட யாரு சொல்றது?"

வாத்தியார் போனைக் கோமளவல்லி பக்கம் நகர்த்தினார்.

அவள் வங்கியின் தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழுத்தினாள். மேலக்கரிசலில் மணி அடித்தது. செயலாளர் எடுத்தார். அவள் தன் பெயரைச் சொன்னாள். துப்பாக்கி சுடவில்லை என்பது உண்மைதான், தானே அழுத்திப் பார்த்தாயிற்று என்றாள். உள்ளே பஞ்சு அடைத்திருந்தது என்றாள்.

"பஞ்சா?" என்றார் செயலாளர். குரல் பெரியது. மேசையைச் சுற்றி எல்லாருக்கும் கேட்டது. "அப்படிச் சொல்லுங்க! துப்பாக்கியைச் சுத்தமா வச்சுக்கலை. அதானே விஷயம்? உங்க மேல தப்பு இல்லை. எங்க ஆளு மேலதான் தப்பு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நான் பார்த்துக்கறேன்."

கோமளவல்லி சூசைமாணிக்கத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை முறுக்கு அவிழ்ந்து கிடந்தது. அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொல்லலாம். பஞ்சு இருந்தது உண்மைதானே. அதில் பொய் ஒன்றும் இல்லை.

"இல்லைங்க ஐயா" என்றாள். "உங்க ஆளு செய்ய வேண்டியதைச் சரியாத்தான் செஞ்சிருக்கார். பஞ்சு காத்துல பறந்து வரும், போகும். ஒட்டிக்கிட்டது நான் வச்ச எண்ணெயில. வைக்கக் கூடாத இடத்துல வச்சேன். குறை என்னுது. ரெண்டு தடவை குளிப்பாட்டிப் பஞ்சைப் போக்கிட்டு, குறை இல்லைன்னு எழுதினதும் நான்தான். அதுவும் தப்பு."

செயலாளரின் குரல் இறங்கியது.

"இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

"சூசை பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"திங்கட்கிழமை வந்து சுடச் சொல்லுங்க." கொஞ்சம் தயங்கினார். "நான் சொன்னதை மனசுல வச்சுக்க வேண்டாம்னும் சொல்லுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூசைமாணிக்கம் ஏற்கெனவே மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊசியையும் துளையையும் சுத்தம் செய்தார்கள். உலர்ந்த துணியால் துடைத்தார்கள். கோமளவல்லி எதையும் சொட்டு விடவில்லை. சூசைமாணிக்கத்தின் கையிலேயே துப்பாக்கியைக் கொடுத்தாள். அவர் மணல் மூட்டைகளைப் பார்த்து நீட்டினார். படார் என்று வெடித்தது. மறுபடி வெடித்தது. கொட்டகையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. அவர் கை கல் மாதிரி நின்றது.

"சத்தம் எப்படி?" என்றார்.

"காது அடைச்சுப் போச்சு" என்றாள்.

"அந்த டொக்குதான் தாயி இன்னைக்கு எனக்குக் கேட்டதுலேயே நல்ல சத்தம்."

பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"காலையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். மன்னிக்கணும்."

"நான் பேசினதுக்கு முன்னால அது ஒண்ணுமில்லைண்ணே."

"எங்க ஊருப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. சாப்பாட்டுல பஞ்சு கிடக்கும். எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடணும்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். புங்கமர நிழலைத் தாண்டி, பஸ் நிற்கும் இடம்வரை அவர் நிமிர்ந்து நடப்பது தெரிந்தது.

கோமளவல்லி உள்ளே வந்தாள். மனசு நிறைந்திருந்தது. நிறைந்த மனசிலும் கவலைக்கு ஓர் இடம் எப்படியோ கிடைத்துவிடும். அவள் மேசையருகே போய் நின்றாள்.

"வாத்தியாரே, நான் சொட்டு வச்சு அனுப்பினது இது ஒண்ணு மட்டும் இல்லையே. எந்தெந்த ஊருல எது எது டொக்குன்னு கிடக்குதோ! எத்தனை பேரு சூசையண்ணன் மாதிரித் தலைகுனிஞ்சு நிக்கிறாங்களோ!"

"கூப்பிட்டுச் சொல்லணும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"இப்பவே ஆரம்பிக்கிறேன்."

"ஆரம்பிங்க."

அவள் போனை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஆளிடம் பேசினாள். அவருடைய துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் கொண்டுவருவதாகச் சொன்னார். "வரும்போது துடைக்காமக் கொண்டாங்க" என்றாள். அடுத்த ஆள் ஒரு வனக் காவலர். அவர் கொஞ்சம் திட்டினார். வாங்கிக்கொண்டாள். அதற்கு அடுத்தவர், இதைச் சொல்ல ஒருத்தர் கூப்பிட்டீங்களே என்று நன்றி சொன்னார். பேசப் பேச அவளுக்கு மூச்சு லேசாயிற்று.

நடுவில் போனைக் கீழே வைத்தாள். ஏதோ ஒன்று உறுத்தியது.

"வாத்தியாரே."

"ம்."

"நான் சொட்டு வைக்கிறப்ப நீங்க பக்கத்துலேயே இருந்திருக்கீங்க."

"ஆமா."

"எத்தனையோ தடவை பார்த்திருக்கீங்க."

"பார்த்திருக்கேன்."

"ஒரு மயிரிழை கீறல் இருந்தாக்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. திருகாணி அரைச் சுத்து குறைஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சுடுவீங்க. எல்லாத்துக்கும் அந்தப் பூதக்கண்ணாடியை எடுப்பீங்க. இதை மட்டும் ஏன் ஒரு நாளும் கேக்கலை?"

வாத்தியார் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். மேசைமேல் வைத்தார். அவளை நேராகப் பார்க்க அவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"பார்க்க அழகா இருந்துச்சு அக்கா" என்றார். "அதான் கண்ணாடியை எடுக்கலை."